மண்ணைக் குழைத்து ஊரைக் கட்டியவர்
எகிப்து நாட்டின் கட்டிடக்கலை மேதை ஹசன் பாத்தியின் வாழ்க்கை

தங்களுக்காகக் கட்டப்பட்ட புது ஊரை, அதில் குடியேற வேண்டிய மக்களே வெள்ளத்தில் மூழ்கடிக்க முயன்ற அதிசயம் எகிப்து நாட்டில் நடந்தது. 1940-களின் பிற்பகுதி. நைல் நதியில் வெள்ளம் பெருகியிருந்த நேரம். ஊரைக் காத்து நின்ற மண் கரையைச் சிலர் வெட்டிவிட்டார்கள். தண்ணீர் புது ஊரை நோக்கிப் பாய்ந்தது.

அந்த ஊரின் வீடுகள் அனைத்தும் பச்சைக் கல்லால் கட்டப்பட்டவை. சூளையில் வைத்துச் சுடாத, வெயிலில் காயவைத்த மண் கற்கள். தண்ணீர் நின்றால் சுவர் கரைந்து விழுந்துவிடும். கரையை வெட்டியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

நல்லவேளையாக உடைப்பு அடைக்கப்பட்டது. ஊர் தப்பியது. ஆனால் ஊரைக் கட்டியவரின் மனம் உடைந்துபோனது. ஏழைகளுக்கு நல்ல வீடு கிடைக்கவேண்டும் என்பதற்காகவே வாழ்ந்தவர் அவர். அவர் பெயர் ஹசன் பாத்தி.

உலகம் முழுவதும் சிமெண்டையும் இரும்பையும் நோக்கி ஓடிய காலத்தில், காலடியில் கிடக்கும் மண்ணைக் காட்டியவர் அவர். பாமர மக்கள் பரம்பரை பரம்பரையாகத் தாங்களே கட்டிவந்த வீடுகளில் பெரிய அறிவு புதைந்து கிடக்கிறது என்று, படித்த என்ஜினீயர்களுக்கு எடுத்துச் சொன்னவர். இன்று பல நாடுகளின் கட்டிடக்கலைக் கல்லூரிகளில் அவருடைய புத்தகம் பாடமாகப் படிக்கப்படுகிறது.

பணக்கார வீட்டுப் பிள்ளை

ஹசன் பாத்தி 1900-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந்தேதி, அலெக்சாண்டிரியா நகரத்தில் பிறந்தார். தந்தை பெரிய நிலச்சுவான்தார். கிராமங்களில் ஏராளமான நிலம் இருந்தது. ஆனால் அவருக்குக் கிராமம் என்றாலே பிடிக்காது. கிராமம் என்றால் ஈ, கொசு, அசுத்தத் தண்ணீர், நோய் என்பது அவர் எண்ணம். பிள்ளைகளையும் அந்தப் பக்கம் போக விடவில்லை.

தாயார் அதற்கு நேர்மாறானவர். சிறு வயதில் கிராமத்தில் வளர்ந்தவர். வளர்த்த ஆட்டுக்குட்டிகளையும் புறாக்களையும் பற்றி மகனுக்குக் கதை கதையாகச் சொல்வார். என்றாவது ஒரு நாள் மறுபடியும் அங்கே போய் வாழவேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசை நிறைவேறவில்லை. ஆனால் அது மகனின் நெஞ்சில் இறங்கிவிட்டது.

அதனால்தான் விவசாயக் கல்லூரியில் சேர விரும்பினார் பாத்தி. நேர்முகத் தேர்வில் பயிர்களைப் பற்றிக் கேட்டார்கள். வயலையே பார்த்திராத பையனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இடம் கிடைக்கவில்லை. கட்டிடக்கலை படித்தார். 1926-ல் கெய்ரோவில் பட்டம் பெற்றார்.

அதன் பிறகு, தம் 27-வது வயதில், குடும்பத்துக்குச் சொந்தமான பண்ணையை முதன்முதலாகப் பார்க்கப் போனார். தாயார் சொன்ன சொர்க்கம் அங்கே இல்லை. நிலத்தில் பாடுபட்ட உழவர்கள் இருண்ட, தாழ்ந்த, அழுக்கு நிறைந்த குடிசைகளில் கிடந்தார்கள். தம் குடும்பம் உண்ட சோறு இவர்கள் விளைத்தது என்ற எண்ணம் பாத்தியைச் சுட்டது. அன்று முதல் அவர் மனம் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தது. பணமே இல்லாத மனிதனுக்கு நல்ல வீடு கட்டிக் கொடுப்பது எப்படி?

சுவர் உண்டு, கூரை இல்லை

1930-ல் கெய்ரோ நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியர் ஆனார். அந்தக் காலத்தில் எகிப்தில் படித்த என்ஜினீயர்கள் அனைவருக்கும் ஐரோப்பாதான் வழிகாட்டி. லண்டனிலும் பாரீசிலும் உள்ளதைப் போலக் கட்டினால் அது நாகரிகம். மண் வீடு என்றால் வறுமையின் அடையாளம்.

பாத்தி மட்டும் வேறு விதமாக நினைத்தார். எகிப்து உழவனின் காலடியில் நைல் நதியின் வண்டல் கிடக்கிறது. அதோடு மணலும் வைக்கோலும் தண்ணீரும் சேர்த்து மிதித்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்தால் கல் தயார். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், வண்டிக் கூலி வேண்டாம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த நாட்டு மக்கள் அப்படித்தான் சுவர் எழுப்பி வந்தார்கள்.

பிறகு ஏன் ஏழையின் வீடு மோசமாக இருக்கிறது? அதற்கும் காரணம் கண்டுபிடித்தார். சுவருக்குச் செலவு இல்லை. செலவெல்லாம் கூரைக்குத்தான். எகிப்து மரம் இல்லாத நாடு. உத்திரமும் கைமரமும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதை வாங்க ஏழையால் முடியாது. கிடைத்த நாணலையும் சோளத்தட்டையையும் போட்டு மூடுகிறான். வீட்டின் அகலமும் உயரமும் அந்த ஓட்டைக் கூரைக்குத் தக்கபடி குறுகிவிடுகின்றன.

1937-ல் மண் கல்லால் கட்டக்கூடிய அழகான கிராம வீடுகளைப் படமாக வரைந்து கண்காட்சி வைத்தார். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். கட்டச் சொல்லிச் சிலர் வந்தார்கள்.

அப்போது இரண்டாம் உலகப்போர் மூண்டது. கப்பல் வருவது குறைந்தது. இரும்பும் மரமும் கிடைக்காமல் போயின. கூரையையும் மண் கல்லாலேயே வளைவாகக் கட்டிவிடுவது என்று பாத்தி துணிந்தார். ஆனால் வளைவு கட்ட, அது இறுகும் வரை கீழே தாங்கி நிற்க மரச்சட்டம் வேண்டும். நம் ஊர்க் கொத்தனார்கள் சென்ட்ரிங் என்று சொல்வார்களே, அதுதான். அதற்கும் மரம் இல்லை. சட்டம் இல்லாமல் கட்டிப் பார்த்தார். கட்டிய வளைவுகள் இடிந்து விழுந்தன.

படிக்காதவர்கள் சொல்லிக் கொடுத்த பாடம்

அஸ்வான் அணைக்கட்டில் அதிகாரியாக இருந்த பாத்தியின் அண்ணன் ஒரு செய்தி சொன்னார். அஸ்வானுக்குத் தெற்கே நூபியா பகுதி மக்கள் எந்தத் தாங்கு சட்டமும் இல்லாமல் மண் கல்லிலேயே வளைவுக் கூரை போடுகிறார்கள் என்பதுதான் அந்தச் செய்தி.

1941-ல் மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு அஸ்வானுக்குப் புறப்பட்டார் பாத்தி. அங்கே ஒரு கிராமத்துக்குள் நுழைந்ததும் திகைத்து நின்றுவிட்டார். விசாலமான, சுத்தமான, வெள்ளை அடித்த வீடுகள். ஒவ்வொன்றும் தனி அழகு. ஒரு துண்டு மரம் இல்லை, ஓர் இரும்புக் கம்பி இல்லை. கல்லூரியில் யாரும் அவருக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

பக்கத்து ஊர்களில் தேடி, பொக்தாதி அகமது அலி என்ற வயதான கொத்தனாரைக் கண்டுபிடித்தார். அந்தக் கொத்தனாரும் அவருடைய கூட்டாளிகளும் வேலை செய்யும் விதத்தைப் பாத்தி உட்கார்ந்து பார்த்தார்.

முதலில் அறையின் ஒரு பக்கச் சுவரை மட்டும் உயர்த்திக் கட்டுகிறார்கள். அந்தச் சுவரின்மேல் சேற்றை அப்பி, நூல் இல்லாமல் அளவுகோல் இல்லாமல், கண் மதிப்பாகவே வளைவைக் கையால் வரைகிறார்கள். பிறகு இரு பக்கத்திலிருந்தும் கற்களை அந்தக் கோட்டின்மேல் ஒட்டிக்கொண்டே போகிறார்கள். கற்கள் நிமிர்ந்து நிற்பதில்லை. பின்சுவர்மேல் சாய்ந்து நிற்கின்றன. முதல் வரிசை சுவர்மேல் சாய்கிறது. இரண்டாவது வரிசை முதல் வரிசைமேல் சாய்கிறது. இப்படி வரிசை வரிசையாகச் சாய்த்துக்கொண்டே வந்தால், எந்தக் கட்டத்திலும் கல் கீழே விழுவதற்கு வழியில்லை. தாங்கு சட்டத்துக்கும் வேலையில்லை.

இதற்கென்று வார்க்கும் கல்லே தனி. சுமார் 25 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம், கனம் 5 சென்டிமீட்டர்தான். எடை குறையவேண்டும் என்பதற்காக வைக்கோல் அதிகம் சேர்க்கிறார்கள். கல் ஈரமாக இருக்கும்போதே விரலால் இரண்டு கோடுகள் கீறிவிடுகிறார்கள். அந்தப் பள்ளம்தான் சேற்றைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது.

வளைவின் வடிவத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது பாதி வட்டம் அல்ல, நீண்டு உயர்ந்த வில் வளைவு. மண் கல் அழுத்தத்தைத் தாங்கும். இழுத்தால் அறுந்துவிடும். இந்த வளைவில் பாரம் முழுவதும் அழுத்தமாகவே இறங்கிச் சுவருக்குப் போய்விடுகிறது. பெரிய கணக்குகள் போட்டு என்ஜினீயர்கள் கண்டுபிடிக்கும் கோட்டை, எழுதப்படிக்கத் தெரியாத கொத்தனார் சேற்றிலே வரைந்துவிட்டார்.

லக்சார் நகருக்கு எதிர்க்கரையில், ராம்சேஸ் மன்னன் கோயிலை ஒட்டி, இதே முறையில் கட்டிய தானியக் களஞ்சியங்கள் இருக்கின்றன. அவற்றின் வயது 3,000 ஆண்டுகளுக்கு மேல். மண் வீடு நிலைக்காது என்று சொன்னவர்களுக்கு அதையே பதிலாகக் காட்டினார் பாத்தி.

அஸ்வான் கொத்தனார்களை வடக்கே வரவழைத்துப் பல கட்டிடங்களுக்குக் கூரை போட்டார். வெள்ளத்தில் அழிந்த ஒரு சிற்றூருக்காக, தருமசிந்தை கொண்ட சில பெண்மணிகள் கேட்டுக்கொண்டதன்பேரில் மாதிரி வீடு ஒன்று கட்டினார். சுமார் 40 நாளில் வேலை முடிந்தது. ஆன செலவு 164 எகிப்திய பவுன். ஆனால் கடைசியில் ஊருக்கு வந்தது காங்கிரீட் வீடுகள்தான். அவற்றுக்கு ஆன செலவு பல மடங்கு. பாத்தியின் மாதிரி வீடு இடிக்கப்பட்டது.

கல்லறைமேல் ஒரு கிராமம்

லக்சாருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், பண்டைய எகிப்தியப் பிரபுக்களின் கல்லறைகள் நிறைந்த மலைச்சரிவு இருக்கிறது. அந்தக் கல்லறைகளின்மேலேயே வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தவர்கள் குர்னா கிராமத்து மக்கள். சுமார் 7,000 பேர். அவர்களில் பலருக்கு வருமானமே கல்லறைதான். வீட்டுக்குள்ளிருந்தே தோண்டுவார்கள். கிடைக்கும் பொம்மையையும் நகையையும் வெளிநாட்டு வியாபாரிகளுக்கு விற்பார்கள். போலிப் பொருள்கள் செய்து சுற்றுலாக்காரர்களிடம் விற்பதும் உண்டு. பெரும் பணம் சேர்ந்தது இடைத்தரகர்களிடம். தோண்டியவன் ஏழையாகவே இருந்தான்.

ஒரு நாள் பழங்காலக் கல்லறை ஒன்றிலிருந்து, பாறையில் செதுக்கிய சிற்பம் ஒன்று அப்படியே அறுத்து எடுக்கப்பட்டது. நாடே அதிர்ந்தது. அந்தக் கிராமத்தையே அங்கிருந்து அப்புறப்படுத்துவது என்று தொல்பொருள் இலாகா முடிவு செய்தது. கீழே சமவெளியில் 50 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. குறைந்த செலவில் புது ஊர் கட்டித் தரக்கூடியவர் யார் என்று பார்த்தார்கள். 1945-ல் பாத்தியிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. கல்லூரி வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு குர்னாவுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 45.

சுமார் 900 குடும்பங்களுக்கு வீடு. அரசாங்கக் காலனி என்றால் எப்படி இருக்கும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். ஒரே அளவு, ஒரே அச்சு, பட்டாளத்துச் சிப்பாய்போல் வரிசையாக நிற்கும் வீடுகள். பாத்தி அதை ஏற்கவில்லை. பத்துக் குடும்பம் இருந்தால் பத்து விதமான வாழ்க்கை இருக்கும் என்பது அவர் கொள்கை. ஒரு வீட்டைப்போல் இன்னொரு வீடு இருக்கக்கூடாது என்று தீர்மானித்தார்.

அந்த ஊர் மக்கள் உறவு வழியாக வகையறா வகையறாவாக வாழ்ந்தவர்கள். ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரு பொது முற்றம், அதைச் சுற்றி வீடுகள் என்று திட்டம் போட்டார். கல்யாணம், துக்கம் எதுவானாலும் அந்த முற்றத்தில் நடக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் உள் முற்றம், கால்நடைக்குக் கொட்டில். பெண்கள் குளிர்காலத்தில் தீ மூட்டிப் புகையில் அவதிப்படுவதைப் பார்த்து, ஆஸ்திரியா நாட்டுக் கணப்பு அடுப்பைப்போல மண்ணிலேயே செய்ய ஏற்பாடு செய்தார்.

பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி இல்லாமலே காற்று வர வழி செய்தார். கூரைக்கு மேலே உயர்ந்த ஒரு காற்றுக் கூண்டு. அதன் வாய் காற்று வீசும் திசையைப் பார்த்து இருக்கும். மேலே பிடித்த காற்று, நனைந்த கரியின் வழியாக இறங்கிக் குளிர்ந்து வகுப்பறைக்குள் வரும். பழைய கெய்ரோ மாளிகைகளில் இருந்த உபாயம் அது. பிரபுக்கள் அனுபவித்ததை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொண்டு வந்தார். மசூதி, சந்தை, நாடக அரங்கு, கைத்தொழில் பழகும் விடுதி என்று ஊர் வளர்ந்தது. பையன்களுக்கு நெசவு கற்றுக்கொடுக்கவும் முயற்சி நடந்தது. கல்லறையை விட்டு வருகிறவனுக்கு வேறு பிழைப்பு வேண்டும் அல்லவா?

பாத்தியின் திட்டத்தில் காண்டிராக்டருக்கு இடம் இல்லை. ஒருவன் தனியாகத் தன் வீட்டைக் கட்டிக்கொள்ள முடியாது, ஆனால் பத்துப் பேர் கைகோத்தால் பத்து வீட்டையும் சுலபமாகக் கட்டிவிடலாம் என்று அவர் நம்பினார். அஸ்வான் கொத்தனார்களிடம் குர்னா இளைஞர்கள் தொழில் கற்றார்கள்.

தோல்வி

மூன்று ஆண்டுகள் போராடினார். எதிரி ஒருவன் அல்ல, பலர்.

முதல் எதிரி சிவப்பு நாடா. வைக்கோல் வாங்க அனுமதி, ஆட்களுக்குக் கூலி கொடுக்க அனுமதி, லாரிக்கு அனுமதி. ஒவ்வொரு காகிதமும் கெய்ரோவுக்குப் போய்த் திரும்பவேண்டும். மண் வீடு வெற்றி பெற்றால் தங்கள் தொழிலுக்கு ஆபத்து என்று எண்ணியவர்களும், மண் வீடு கட்டுவதே நாட்டுக்கு அவமானம் என்று நினைத்த அதிகாரிகளும் திட்டத்துக்குத் துணை நிற்கவில்லை. 1947-ல் எகிப்தில் காலரா பரவியபோது வேலை மேலும் தடைப்பட்டது.

இரண்டாவது எதிரி குர்னா மக்களே. கல்லறையை விட்டு இறங்கினால் வருமானம் போய்விடும். சமவெளியில் அனைவருக்கும் போதிய நிலம் இல்லை. சம்பாதிக்கும் இடத்தைப் பிடுங்கிக்கொண்டு அழகான வீடு கொடுத்தால் யார் வருவார்கள்? அதனால்தான் கரையை வெட்டினார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பாத்தி அதை எதிர்பார்க்கவில்லை. அவர் ஆசையோடு கட்டிய கும்மட்டக் கூரைகள் நூபியர்களின் வழக்கம். குர்னா மக்களுக்கு அது வழக்கம் அல்ல. அந்தப் பகுதியில் கும்மட்டம் என்றால் சமாதி. இறந்தவர்களுக்கு உரிய வடிவத்தின்கீழ் பெண்டு பிள்ளைகளோடு குடியிருக்க அவர்கள் கூசினார்கள். நகரத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் காங்கிரீட் வீட்டில் இருக்கும்போது தங்களுக்கு மட்டும் மண் வீடா என்ற குறையும் அவர்களுக்கு இருந்தது.

1948-ல் வேலை நின்றது. 900 குடும்பங்களுக்கென்று தொடங்கிய ஊரில் சுமார் 130 வீடுகள்தான் முடிந்திருந்தன. பொதுக் கட்டிடங்கள் காலியாகக் கிடந்தன.

ஊர் தூற்றிய பிறகு உலகம் போற்றியது

அதற்குப் பிறகும் சில பள்ளிக்கூடங்கள் கட்டினார். கல்லூரியில் கற்பித்தார். ஆனால் சொந்த நாட்டில் மண் பைத்தியம் என்ற கேலிதான் மிச்சம். 1957-ல் மனம் வெறுத்துக் கிரீஸ் நாட்டுக்குப் போனார். ஏதென்ஸ் நகரில் டாக்சியாடிஸ் என்ற புகழ்பெற்ற நகர அமைப்பு நிபுணரிடம் வேலை செய்தார். ஈராக் நாட்டு வீட்டு வசதித் திட்டத்தில் பங்கு கொண்டார். 1960-களின் தொடக்கத்தில் தாய்நாடு திரும்பினார்.

1964-ல் கெய்ரோவில் ஒரு சோதனை நடந்தது. மண் கல்லில் வளைவுக் கூரையோடு ஓர் அறை. ஆலையில் வார்த்த காங்கிரீட் பலகைகளால் இன்னோர் அறை. இரண்டிலும் இரவும் பகலும் வெப்பத்தை அளந்தார்கள். மண் அறைக்குள் 24 மணி நேரத்தில் வெப்பம் 2 டிகிரிக்கு மேல் மாறவே இல்லை. காங்கிரீட் அறைக்குள் 36 டிகிரி வரை ஏறியது. வெளியே வெயிலில் இருந்ததைவிட உள்ளே அதிகம்! மண் சுவர் தடித்தது. பகல் வெப்பம் உள்ளே வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. மெல்லிய காங்கிரீட் பலகை உடனே சுட்டு, உடனே ஆறுகிறது. தகரக் கூரைக்கோ தளத்துக்கோ கீழே கோடை இரவைக் கழித்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

பாலைவனத்தில் கார்கா பாலைவனச் சோலைக்கு அருகே நிலத்தடி நீர் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே ஒரு புது ஊர் கட்டும் வேலை பாத்திக்கு வந்தது. ஊரின் பெயர் பாரிஸ். பிரான்சு தலைநகருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 250 குடும்பங்களுக்கான திட்டம். காய்கறி கெடாமல் இருக்க, காற்றுக் கூண்டு வைத்துச் சந்தைக் கட்டிடத்தைக் குளிரச் செய்தார். 1967-ல் இஸ்ரேலுடன் போர் மூண்டது. வேலை பாதியில் நின்றது. இரண்டாவது ஊரும் முடியவில்லை.

அப்போது அவர் செய்த காரியம்தான் அவரை உலகத்துக்குக் காட்டியது. குர்னாவில் நடந்தவற்றை ஒளிவு மறைவு இல்லாமல் புத்தகமாக எழுதினார். திட்டம், கணக்கு, கல் வார்க்கும் முறை, அதிகாரிகளின் போக்கு, தம் தோல்வி எல்லாம் அதில் இருந்தன. 1969-ல் கெய்ரோவில் குறைந்த பிரதிகளே அச்சாயின. 1973-ல் அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகம் அதை "ஏழைகளுக்கான கட்டிடக்கலை" என்ற பொருள்படும் தலைப்பில் வெளியிட்டது. பல நாட்டு இளம் என்ஜினீயர்கள் அதைத் தேடிப் படித்தார்கள். எண்ணெய் விலை ஏறி, குளிர்சாதனச் செலவைக் கண்டு உலகமே மிரண்ட காலம் அது. செலவில்லாமல் வீட்டைக் குளிர வைப்பவர் ஒருவர் எகிப்தில் இருக்கிறார் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

1980-ல் ஆகாகான் கட்டிடக்கலை விருதுக் குழு அவருக்குத் தலைவரின் சிறப்பு விருது அளித்தது. அதே ஆண்டு, மாற்று நோபல் பரிசு என்று அழைக்கப்படும் விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது, பெற்றவர்களில் அவரும் ஒருவர். 1984-ல் சர்வதேசக் கட்டிடக்கலைஞர் சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. எண்பது வயதில் அமெரிக்காவின் நியூமெக்சிகோ மாநிலத்துக்குப் போய், நூபியக் கொத்தனார்களை வைத்து மண் கல்லில் மசூதி கட்டிக் காட்டினார்.

புகழ் வந்த பிறகும் வாழ்க்கை மாறவில்லை. கெய்ரோ கோட்டைக்கு அருகில் பழைய சந்து ஒன்றில், பழங்கால வீட்டின் மாடியில் குடியிருந்தார். துணைக்குப் பூனைகள். பொழுதுபோக்குக்கு வயலின். தேடி வந்த மாணவர்களுக்கு எப்போதும் கதவு திறந்திருந்தது. 1989-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி காலமானார்.

அவர் விட்டுச் சென்ற கேள்வி

அவர் வாழ்க்கையில் ஒரு வேதனையான முரண்பாடு உண்டு. ஏழைகளுக்கென்று அவர் உருவாக்கிய முறையைப் பிற்காலத்தில் விரும்பி ஏற்றவர்கள் பணக்காரர்கள். அவர் வரைந்து முடிந்த வீடுகளில் பல வசதி படைத்தவர்களுடையவை. அவருக்குப் பிறகு செங்கடல் கரையில் எழுந்த உல்லாச ஓட்டல்கள் பல அவருடைய கும்மட்டத்தையும் வளைவையும் அலங்காரமாக எடுத்துக்கொண்டன. உள்ளே ஓடுவது குளிர்சாதன இயந்திரம்.

அவருக்குக் குரு ஸ்தானத்தில் இருந்த நூபியர்களின் கதி இன்னும் பரிதாபம். அஸ்வான் உயர் அணை கட்டப்பட்டபோது அவர்களுடைய பழைய கிராமங்கள் நீரில் மூழ்கின. 1963, 1964 ஆண்டுகளில் சுமார் 50,000 பேர் வேறு இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகள். குடியேறிய சில நாளிலேயே பலர் அந்த வீடுகளுக்கு வண்ணம் தீட்டி, திண்ணை கட்டி, தங்கள் பழக்கத்துக்கு மாற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

மலைமேல் இருந்த பழைய குர்னா வீடுகளை 2006-ல் தொடங்கி அரசாங்கம் இடித்து, மக்களை வேறு இடத்தில் குடியமர்த்தியது. பாத்தி கட்டிய புது குர்னாவில் காலப்போக்கில் மக்கள் குடியேறினார்கள். ஆனால் உயர் அணைக்குப் பிறகு நிலத்தடி நீர் உயர்ந்து, உப்பு ஏறிச் சுவர்கள் அரித்தன. குடும்பம் பெருகியபோது வளைவுக் கூரைமேல் மாடி எழுப்ப வழியில்லை. பலர் இடித்துவிட்டுக் காங்கிரீட் வீடு கட்டிக்கொண்டார்கள். எஞ்சியவற்றைக் காப்பாற்ற யுனெஸ்கோ முயற்சி எடுத்தது.

அப்படியானால் பாத்தி தோற்றுவிட்டாரா?

குர்னாவில் தோற்றார் என்பது உண்மை. ஆனால் அந்தத் தோல்வியே கட்டிடக்கலைக்குப் பெரிய பாடம் ஆனது. நாட்டு மக்களின் வீடு என்பது வெறும் வடிவம் அல்ல. கும்மட்டமும் வளைவும் ஓடும் அதன் மேல்தோல். கிடைக்கும் பொருள், அடிக்கும் வெயில், வீசும் காற்று, செய்யும் தொழில், பழகும் உறவு, கூச்சம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்துதான் அதை உருவாக்குகின்றன. ஓர் ஊரின் வடிவத்தை எடுத்து இன்னோர் ஊர்மேல் வைத்தால், அது மண்ணால் ஆனாலும் அந்நியம்தான். இதைப் பாத்தி தம் வாழ்க்கையையே விலையாகக் கொடுத்து உலகுக்குத் தெரியவைத்தார்.

அவர் மீட்டெடுத்த தொழில்நுட்பம் வேறு இடங்களில் பிழைத்துக்கொண்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் புர்க்கினா பாசோ நாட்டில், 2000-ல் தொடங்கிய ஓர் அமைப்பு நூபிய வளைவுக் கூரை போடக் கிராமத்து உழவர்களைக் கொத்தனார்களாகப் பழக்கியது. அங்கேயும் மரம் அரிதாகிவிட்டது. தகரக் கூரை வாங்கக் காசு இல்லை. அதனால் ஏழைகளே இந்த முறையைத் தேடி வந்தார்கள். அதைச் சுற்றுப்புற நாடுகளுக்கும் கொண்டு போனார்கள்.

தமிழ்நாட்டுக்கும் அது வந்துவிட்டது. புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் உள்ள மண் கட்டிட ஆராய்ச்சி நிலையம், மண்ணோடு சிறிதளவு சிமெண்டு சேர்த்து இயந்திரத்தில் அழுத்திய கற்களைக் கொண்டு, தாங்கு சட்டம் இல்லாமல் வளைவுக் கூரை போடுவதைக் கற்றுக்கொடுக்கிறது. மழை அதிகம் பெய்யும் மண்ணுக்கு ஏற்றபடி செய்துகொண்ட மாறுதல் அது.

குர்னாவில் பாத்தி கட்டிய மசூதி இன்றும் நிற்கிறது. அதன் சுவரில் உள்ள மண், அந்த ஊர் வயலிலிருந்து எடுத்த மண். வளைவைக் கண் மதிப்பாக வரைந்தவர்கள் அஸ்வானிலிருந்து கூலி வேலைக்கு வந்த கொத்தனார்கள்.